மைக்கில் சொன்ன பதில்

அத்தியாயம் 11

கொளஞ்சியப்பன் ஓய்வு பெற்று ஐந்து நாட்கள் ஆகிவிட்டன. அவருடைய செல்போனுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. வியாழக்கிழமையும் அது விடியற்காலை மூன்றரைக்கு அலறியது.

"அந்த போன அணைங்க!" என்றாள் மனைவி தங்கமணி, கண்ணைத் திறக்காமலே.

அவர் அணைத்தார். எழுந்தார். பல் துலக்கினார். முருகன் படத்துக்கு முன் நின்று கும்பிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை கனைத்தார்.

அந்தக் கனைப்புக்கு இருபத்தாறு வருடங்களாக ஒரே பொருள்தான். டீ.

தங்கமணி எழுந்தாள். முழங்கால் 'கடக்' என்றது. முதல் பஸ்ஸை எடுக்க வேண்டிய மனுஷனுக்கு மூன்றரைக்கு எழுந்து டீ போட்டாள், தூக்கில் சோறு கட்டினாள். சரி, அது உத்தியோகம். இப்போது எந்த பஸ்ஸுக்காக இந்த டீ?

"மொத பஸ்ஸுலயே மலைக்குப் போயிடலாம்," என்றார் அவர், டம்ளரை வாங்கிக்கொண்டு. "வீரமுத்து காத்துகினு இருப்பான்."

தங்கமணி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

எல்லாம் அந்த மைக்கால் வந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவருக்கு, சனிக்கிழமை டிப்போவில் பணி நிறைவு விழா நடந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். கண்டக்டர் சுப்புராயனுக்கு மைக் கிடைத்தால் சும்மா இருக்க வராது.

"காசு பணத்தப் பத்திக் கவலையே இல்லன்னு வெச்சிக்குங்கண்ணே! உலகத்துல எந்த ஊர்ல வேணும்னாலும் வூடு. ரிட்டயர்டு ஆயி எங்க போயி இருப்பீங்க?"

சிங்கப்பூர் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஊட்டி என்றார் இன்னொருவர். கொளஞ்சியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கரியாலூரு," என்றார்.

ஒரே கைதட்டல். மலையிலிருந்து தேனும் பலாப்பழமும் கொண்டுவந்திருந்த பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்று விசிலடித்தார்கள். சுப்புராயன் விட்டானா? மைக்கைத் தங்கமணியின் வாய்க்கு நேரே நீட்டினான்.

"நீங்க சொல்லுங்கண்ணி!"

தங்கமணி மாலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அவரு இருக்கற எடத்துலதான் நானும் இருப்பன்."

அதற்கு இரண்டு மடங்கு கைதட்டல். ஒரு கிளார்க் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழுத்தில் சம்பங்கி மாலை, எதிரே நூறு பேர், வாய்க்கு முன்னால் மைக். வேறு என்ன சொல்ல முடியும்? அதை ஒரு மனிதர் உண்மை என்று எடுத்துக்கொள்வார் என்று அவள் நினைக்கவேயில்லை. அதுவும் கட்டிய புருஷன்.

ஞாயிற்றுக்கிழமையே அவர் வீடு பேசிவிட்டார். கரியாலூரில் பழக்கமான வீரமுத்துவின் தம்பி திருப்பூருக்குப் போனதில் காலியாகக் கிடந்த வீடு. சுற்றுலா வருகிறவர்களைத் தங்க வைக்க வேறு ஒருவர் கேட்கிறாராம். வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். திங்கட்கிழமை தங்கமணி முனகினாள். செவ்வாய்க்கிழமை சத்தம் போட்டாள். புதன்கிழமை ராத்திரி தெளிவாகவே சொல்லிவிட்டாள்.

"நீங்க போறதுன்னா போங்க. நான் இந்த வூட்ட வுட்டு வரமாட்டன்."

"மொதல்ல வந்து பாரு," என்றார் அவர், காதில் விழாதவர் போல.

முப்பத்து நான்கு வருடக் குடித்தனம். இனிமேல்தான் இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

*

பஸ்ஸில் பயணியாக உட்காரும் பழக்கம் கொளஞ்சியப்பனுக்கு இல்லை.

டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். புது டிரைவர் பகலவன், நல்ல பையன், முப்பது வயதுகூட இருக்காது. கள்ளக்குறிச்சியைத் தாண்டுவதற்குள் அவனுக்குப் பன்னிரண்டு யோசனைகள் கிடைத்துவிட்டன.

"மூணாவது கியர்லயே போவட்டும்டா... ஆரன் அடி. ஆரன் அடிடா, வளைவுல மாடு படுத்திருக்கும்."

"மாடு இல்லீங்கண்ணா."

"இன்னிக்கு இல்ல. நாளைக்குப் படுத்திருக்கும்."

"உங்க கால எடுங்க," என்றாள் தங்கமணி. "என் செருப்ப மிதிச்சிகினே வர்றீங்க. அங்க பிரேக் இல்ல."

கச்சிராயபாளையத்தில் மகள் தனுஷா ஏறினாள். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை, இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து காதோரம் கேட்டாள்.

"ம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டன். காதுல ஏறுனாத்தான?"

"அங்க போயி எல்லார் எதிர்லயும் சண்ட போடாத."

"நான் ஏன் போடறன்? வூட்டப் பாப்பன். நல்லா இருக்குதும்மான்னு சொல்லுவன். வர முடியாதுன்னு சொல்லுவன். மூணு மணி பஸ்ஸுல ஏறிடுவன். முடிஞ்சிது."

கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் படியில் கால் வைத்ததுமே டிரைவருக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துவிட்டார்கள்.

"அட, டிரைவரண்ணா! இன்னாண்ணா இங்க உக்காந்துகினு இருக்க?"

"எங்க மாமனாருக்கு மாத்திர வாங்கியாந்து குடுத்தியே, நல்லா ஆயிடுச்சிண்ணா."

"அண்ணி வந்திருக்காங்களா? அண்ணி, கும்பிடறேங்க!"

கொளஞ்சியப்பன் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன் அக்கா பெயரையும் கேட்டார்.

தங்கமணி பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தச் சிரிப்பு ஒருநாள்கூட வீட்டு வாசல்படி ஏறியதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிற மனுஷர் வேறு: சட்டையைக் கழற்றுவார், சாப்பிடுவார், தூங்குவார்.

எரிச்சலுக்கு நடுவில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை.

*

வீடு நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுண்ணாம்பு அடித்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும். வாசலில் புதிதாகச் சாணம் தெளித்து, மாவுக்கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே சாமிப்படம் மாட்ட ஓர் ஆணியும் அடித்து, கீழே ஒரு சின்ன அகல்விளக்கும் வைத்திருந்தார்கள். வீரமுத்து முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் பெண்டாட்டி சடையம்மா, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, தங்கமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணிக்கு ஒண்ணு காட்டணும்," என்று வீரமுத்து பின்பக்கம் அழைத்துப்போனான்.

அங்கே புதிதாக ஒரு தடுப்புச் சுவர். தகரக் கதவு. திறந்தால், உள்ளே பளபளவென்று ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி.

"அண்ணிக்கு மூட்டு வலின்னு அண்ணன் பஸ்ஸுல சொல்லிகினே இருப்பாரு," என்றான் வீரமுத்து. "அண்ணி வர்றேன்னு மைக்குல சொன்னாங்கல்ல, மறாநாளே கள்ளக்குறிச்சி எறங்கி இத்த வாங்கிட்டன். பஸ்ஸுல சாக்கு சுத்தி எடுத்தாந்தம். ரோட்டுல இருந்து இவளும் இன்னும் மூணு பொம்பளைங்களும் மாத்தி மாத்தித் தலையில தூக்கினு வந்தாங்க."

"சிமெண்ட் இன்னும் காயலக்கா," என்றாள் சடையம்மா கூச்சத்துடன். "நாளைக்குத்தான் உக்காரலாம்."

கொளஞ்சியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கே இது தெரியாது. தனுஷா அம்மாவைப் பார்த்தாள்.

தங்கமணி கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. கடவுளே, இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தாள். வீடு ஒழுகியிருக்கக்கூடாதா? ஒரு பல்லியாவது தலையில் விழுந்திருக்கக்கூடாதா? திட்டிவிட்டுப் போவதற்கு ஒரு குறையாவது வைத்திருக்கக்கூடாதா இந்தப் பாவி ஜனங்கள்? தலையில் டாய்லெட்டைச் சுமந்து வந்தவளிடம் எந்த வாயால் 'வரமாட்டேன்' என்பது?

"நல்லா இருக்குதும்மா," என்றாள்.

முதல் பாதியைச் சொல்லிவிட்டாள். இரண்டாவது பாதிக்குப் பதில், கம்பியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

*

மத்தியானம் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். ஆண்கள் சாப்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார்கள். தனுஷா கை கழுவப் போயிருந்தாள். அடுப்படியில் தங்கமணியும் சடையம்மாவும் மட்டும்.

"அக்கா, உனக்குப் புடிச்சிருக்கா?"

"வூடு ரொம்ப நல்லா இருக்குது. கொறையே சொல்ல முடியாது."

"வூட்டக் கேக்கலக்கா," என்றாள் சடையம்மா, சோற்றை இன்னொரு கரண்டி வைத்தபடி. "இங்க வந்து இருக்கறது உனக்குப் புடிச்சிருக்கா? அத்தத்தான் கேட்டன்."

தங்கமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஐந்து நாட்களாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. புருஷன் கேட்கவில்லை. டிப்போவில் கைதட்டிய நூறு பேர் கேட்கவில்லை. பெற்ற மகள்கூட, 'சண்டை போடாதே' என்றாளே தவிர, 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கவில்லை. மனிதர்களுக்கு நல்லது செய்யக் கடவுள் பெரிய பெரிய ஏற்பாடு எல்லாம் செய்வதில்லை. சில நாள் ஒரு சாதாரணக் கேள்வியை யார் வாயிலாவது வைத்து அனுப்பிவிடுகிறார். அது போதுமாக இருக்கிறது.

"இல்லம்மா," என்றாள் தங்கமணி. "புடிக்கல. உன் வூட்டுமேல ஒரு கொறையும் இல்ல. நீ பண்ணதுக்கு நான் ஆயுசுக்கும் கும்பிடணும். ஆனா எனக்கு இங்க வர இஷ்டமில்ல. அந்த மனுஷன் ஒரு வார்த்த கேக்கல. கேக்காமயே எல்லாம் பண்ணிட்டாரு."

சடையம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அந்த டாய்லெட்டு..." என்று தங்கமணி இழுத்தாள்.

"அத வுடுக்கா. எங்க மாமியாளுக்கும் காலு மடங்க மாட்டேங்குது. அது நடந்து வந்து போயிக்கும்." சடையம்மா சிரித்துவிட்டாள். "நாங்க மட்டும் உன்னயக் கேட்டமா? மைக்குல சொன்னத நம்பிட்டம். ஆனா அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா எனக்குத்தான் பழி."

தங்கமணி கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். புருஷனுக்கு எதிரே போய் நின்றாள். பக்கத்தில் வீரமுத்து நின்றான், தனுஷாவும் வந்துவிட்டாள்.

"நான் இங்க வர்ல," என்றாள். "சும்மா மொனகறன்னு நெனைக்காதீங்க. நெஜமா வர்ல."

கொளஞ்சியப்பன் முகம் சுருங்கியது. "மைக்குல அப்படிச் சொன்னியே?"

"மைக்குல வேற இன்னாங்க சொல்லுவாங்க? நூறு பேரு எதிர்ல மாலையப் போட்டு உக்கார வெச்சி, 'நான் இந்தாளுகூட வரமாட்டன்'னு சொல்லுவாங்களா? வூட்டுக்கு வந்து, 'நெஜமாவா தங்கமணி?'ன்னு நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"கேக்கணும்னு தோணல," என்றார் அவர், மெல்ல.

"தோணாது. முப்பத்து நாலு வருஷமா தோணல."

"ம்மா..." என்றாள் தனுஷா.

"நீ சும்மா இரு. உனக்கும் தோணல."

வீரமுத்து பலாமரத்தைப் பார்க்கத் தொடங்கினான். கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்க என்னய யாருக்குத் தெரியும் தங்கமணி? திங்கக்கெழம காலைல பால்காரரு வந்தாரு. நான் கதவத் தெறந்தன். 'அக்கா இல்லீங்களா? நீங்க ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?'ன்னு கேக்கறாரு. என் வூட்டு வாசல்ல நின்னுகினு என்னய விருந்தாளியான்னு கேக்கறாரு. இங்க பாத்தியா, கைப்புள்ள கூட என்னயக் கண்டா மடிக்கு வருது."

தங்கமணிக்குக் கோபம் பாதியில் நின்றது. இதை அவர் ஐந்து நாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து இன்னொரு கோபம் வந்தது.

"பால்காரருக்கு உங்களத் தெரியலன்னா அது பால்காரர் தப்பா?" என்றாள். "வெடிய எழுந்து போயி இருட்டுனப்பறம் வந்தா, யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவுல ஒவ்வொருத்தரா நான்தான் பழகி வெச்சேன். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா ஓடுவன், எனக்கு முடியலன்னா அவங்க வருவாங்க. அத வுட்டுட்டு மறுபடியும் மொதல்லேர்ந்தா? இந்த வயசுலயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உனக்கு எங்க இருக்கணும்? காசு பணம் எல்லாம் வுடு. எங்க இருக்கணும்னு ஆச?"

கேட்டுவிட்டார். ஒருவழியாகக் கேட்டே விட்டார்.

தங்கமணி வாயைத் திறந்தாள். இத்தனை நாள் 'என்னைக் கேட்டார்களா' என்று கோபப்பட்டதில், கேட்டால் என்ன சொல்வது என்று அவள் யோசித்தே வைக்கவில்லை. கடற்கரையா? காசியா? மகள் வீட்டுப் பக்கமா? ஒரு படமும் மனதில் வரவில்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"தெரியல," என்றாள். "காலைல ஏழு மணி வரிக்கும் தூங்கணும். யாரும் கனைக்கக்கூடாது. அது எந்த ஊருன்னு எனக்குத் தெரியல."

ரோட்டிலிருந்து மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

*

"நீ போ," என்றார் கொளஞ்சியப்பன், ரோட்டோரம் நின்றுகொண்டு. குழந்தை கோபித்துக்கொண்டதைப் போல முகம். "தனுஷாகூட எறங்கிப் போ. நான் ஒரு வாரம் இங்கயே இருந்து பாக்கறன்."

இதுதான். இதைத்தான் அவள் நேற்று ராத்திரியிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு வாரம் என்பார். அப்புறம் ஒரு மாதம். அப்புறம் இரண்டு ரேஷன் கார்டு.

தனுஷா படியில் ஒரு காலை வைத்தபடி தயங்கினாள். பகலவன் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான்.

தங்கமணி புருஷனைப் பார்த்தாள். திரும்பி, தூரத்தில் தெரிந்த சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தாள். சடையம்மாவைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "நீங்க போங்க."

"இன்னாது?"

"நீங்க கீழ எறங்குங்க. நம்ம வூட்டுல ஒரு வாரம் இருங்க. பால்காரருக்கு நீங்க யாருன்னு சொல்லுங்க. தெருக்குழாயில தண்ணி புடிங்க, நாலு பேரு வந்து நிப்பாங்க, பேசுங்க. சாயந்தரம் மாரியம்மன் கோயிலுக்கு எண்ண கொண்டு போங்க, பூசாரிக்கு உங்க பேரு தெரியட்டும். நான் இங்க இருக்கறன். நீங்க இருபத்தாறு வருஷமா அப்படி இன்னாத்தக் கண்டீங்கன்னு நானும் பாக்கறன்."

"ம்மா, துணி கூட எடுத்தாரல," என்றாள் தனுஷா.

"என் சேல இருக்குது," என்றாள் சடையம்மா, கேட்பதற்கு முன்பே.

"மூட்டு மாத்திர?"

"பையில இருக்குதுடி."

கொளஞ்சியப்பன் வீரமுத்துவைப் பார்த்தார், உதவிக்கு வருவான் என்று.

"வூடு கேட்டவருகிட்ட ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக்கறன்ணா," என்றான் வீரமுத்து. "நீங்க எறங்குங்க. அண்ணிய நாங்க பாத்துக்கறம்."

"தனியா எப்படி..." என்று ஆரம்பித்தார் கொளஞ்சியப்பன்.

"முப்பத்து நாலு வருஷமா நான் எப்படி இருந்தனோ, அப்படி," என்றாள் தங்கமணி. குரலில் கோபம் குறைந்திருந்தது. "கோச்சிகினு அனுப்பலங்க. எனக்காக ஒரு தடவ அந்தத் தெருவப் பாருங்க. உங்களுக்காக நான் இந்த மலையப் பாக்கறன். அப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். மைக் இல்லாம."

பகலவன் மெல்ல ஹாரன் அடித்தான். "அண்ணா, டைம் ஆவுது."

நேரம் என்றால் கொளஞ்சியப்பனுக்கு உடம்பு தானாக நகரும். ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியது போலிருந்தது. தங்கமணி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அதை அவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

பஸ் நகர்ந்தது. பத்தடி போவதற்குள் ஜன்னலுக்கு வெளியே அவர் தலை வந்தது.

"தங்கமணி! இதுல வாசக் கதவு சாவி எது?"

கொத்தில் நான்கு சாவிகள். அவர் எப்போது வந்தாலும் கதவைத் தட்டுவார், அவள் திறப்பாள். தன் வீட்டுக் கதவைத் தானே சாவி போட்டுத் திறக்கும் வேளை அவருக்கு இதுவரை வந்ததேயில்லை. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். தனுஷா மறுபக்க ஜன்னலில் மரங்களை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க!" என்று கத்தினாள் தங்கமணி.

வளைவில் பஸ் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சடையம்மா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலடி நடந்த பிறகு கேட்டாள்.

"ஏங்க்கா, ஒரு வாரம் கழிச்சி உனக்கு இந்த ஊரு புடிச்சிப்போயி, அண்ணனுக்கு அந்தத் தெரு புடிச்சிப்போச்சின்னா இன்னா பண்ணுவ?"

தங்கமணி திரும்பி, பஸ் போன வளைவைப் பார்த்தாள். அது அவளுக்குத் தோன்றவேயில்லை.